ரிடார்டர் வரியை அடிக்காதீர்கள்: டர்பன் லாரி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிமார்களுக்கு வணக்கம்.

புதிதாக வாங்கப்போகும் ஹார்ஸ்களின், அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டிகளின், ஆர்டர் படிவம் யார்டில் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. இறக்கத்தில் சக்கர பிரேக்கைத் தொடாமலே வேகத்தைப் பிடிக்கும் கருவியான ‘ரிடார்டர்’ என்ற வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு. மற்றபடி குறையில்லை. மெத்தை உண்டு, ஏசி உண்டு, கதவில் உங்கள் பெயரும் பெரிதாக வரப்போகிறது. அந்த ஒரு கோட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என்3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித்தில் வண்டியை ஓரங்கட்டினால் ஸ்கேனியாவா, வால்வோவா, ஆக்ட்ரோஸா என்று விடியவிடியப் பேச்சு நடக்கும். பழைய ஆட்கள் இன்னும் அமெரிக்க ஆர்கோசி வண்டியை விட்டுக்கொடுப்பதில்லை. கம்மின்ஸ் எஞ்சின், ஈட்டன் கியர்பாக்ஸ், சாலையோரத்திலேயே ஸ்பேனர் போட்டுக் கிளப்பலாம் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இன்றைய ஐரோப்பிய வண்டியில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் ஒரு நாக்ஸ் சென்சார் போனாலே எஞ்சின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்போடு ஆள் வரும்வரை மேட்டில் ஊர வேண்டியதுதான். அதனால் போவது நேரம் மட்டும். இறக்கத்தில் கதை வேறு. ஒரே பிராண்டு, ஒரே மாடலாக இருந்தாலும் ரிடார்டர் உள்ளதும் இல்லாததும் என்3-இன் வான் ரீனென் கணவாய் இறக்கத்தில் இரண்டு வேறு வண்டிகள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சட்டம் அனுமதிக்கும் 56 டன்னோடு ஓர் இன்டர்லிங்க் (இரட்டை டிரெய்லர் வண்டி) 5 விழுக்காடு இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. டயர் உராய்வைக் கழித்த பிறகும், வேகம் ஏறாமல் பிடிக்க ஏறத்தாழ 265 கிலோவாட் வேண்டும். 60-இல் அது 400-ஐ நெருங்கும். புகைக்குழாயை அடைத்து எஞ்சினால் பிடிக்கும் வெறும் எக்ஸாஸ்ட் பிரேக் அதில் பாதியைப் பிடித்தாலே பெரிது. மிச்சம் முழுக்கச் சக்கரத்தின் பிரேக் டிரம் தலையில். டிரம் சூடேறி விரிய விரிய, உரசிப் பிடிக்கும் லைனிங் அதைத் தொட, பிரேக்கைத் தள்ளும் புஷ்ராட் இன்னும் நீள வேண்டியிருக்கிறது. லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. முதலில் கருகிய நாற்றம், அடுத்து டிரெய்லர் சக்கரத்தில் புகை, அதன்பின் எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. கேஜில் காற்று நிறையவே காட்டிக்கொண்டிருக்கும். லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் டிரெய்லரின் ஸ்லாக் அட்ஜஸ்டரை யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் அதன் பங்கும் ஹார்ஸ் மேல்தான்.

ரிடார்டரில் தேய்வதற்கு லைனிங்கே இல்லை. எண்ணெயின் எதிர்ப்பால் பிடிக்கிறது, சூடு கூலண்ட் வழியாக ரேடியேட்டருக்குப் போய்விடுகிறது. ஸ்கேனியா தன்னுடையதைத் தானே செய்கிறது, மான் வண்டிக்கு இசட்எஃப் நிறுவனத்தின் ரிடார்டரான இன்டார்டர் கிடைக்கும். வால்வோ வாங்குகிறவர்கள் விஇபி பிளஸ் எஞ்சின் பிரேக்கை எழுதினாலும் சரி: 13 லிட்டர் எஞ்சினில், 2300 ஆர்பிஎம்மில் 375 கிலோவாட், இறக்கம் தொடங்குமுன்னே கீழ் கியருக்கு வரத் தெரிந்தவர் ஓட்டினால். ரிடார்டருக்கும் குறை உண்டு. நடை வேகத்தில் பிடிப்பு போய்விடும். ஈரச் சாலையில் லோடில்லாமல் முழுதாக இழுத்தால் டிரைவ் சக்கரம் வழுக்கி ஹார்ஸும் டிரெய்லரும் கத்திபோல் மடங்கிக்கொள்ளும். அதை ஓட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வோம்.

2013 செப்டம்பர் 5 அன்று பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு லாரி மோதி 24 பேர் போனார்கள். ஓட்டுநருக்குச் சிறை. ஆர்டர் படிவத்தை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. டீசல் மிச்சம் பிடித்தால் போனஸ் தருகிறீர்கள், லைனிங் மிச்சம் பிடித்தால் ஒன்றுமில்லை. புது வண்டி வந்ததும் மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறீர்கள். நல்ல வழக்கம்தான். 56 டன்னை எலுமிச்சம்பழம் பிடித்து நிறுத்துமா என்பதையும் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேச்சு கொஞ்சம் கடுமையாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த பிராண்டு வாங்குவது என்பது உங்கள் பணம், உங்கள் முடிவு. படிவம் இன்னும் டீலரிடம் போகவில்லை என்று கேள்வி. போகுமுன் அந்த வரிக்கு நேரே ‘வேண்டும்’ என்று எழுதித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
என்3 வழித்தடத் தமிழ் ஓட்டுநர்கள், டர்பன்