முதுகு இன்னும் திரும்பி வரவில்லை

காரைக்குடி

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்தது பெரிய தவறு. ஆனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாமல் கிடந்தேன். சித்திரையில் மதுரையில் எனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகெலும்பின் அடியில் எல் 5, எஸ் 1 என்னும் எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்கு இறங்கும் நரம்பின் வேரை நெரித்துக்கொண்டிருந்தது. பிதுங்கிய துண்டை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்தபோதே கால்வலி போயிருந்தது.

வலி போன இடத்துக்கு என் முதுகு திரும்பி வரவில்லை என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வீடு வந்த மூன்றாம் நாள் வளவு முற்றத்துத் தூணருகே நிமிர்ந்து நின்றேன். ஏன் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று என் மனைவி ஆச்சி கேட்டாள். நான் நம்பவில்லை. முகப்பில் இருக்கும் பெல்ஜியம் கண்ணாடியில் பார்த்தால் ஒரு தோள் நன்றாகத் தாழ்ந்திருந்தது. அவள் என்னைப் பிடித்து நேராக நிறுத்தியதும், இடப்பக்கம் விழப்போகிறேன் என்று பதறித் தூணைக் கட்டிக்கொண்டேன். மாதக்கணக்கில் வலிக்கு ஒதுங்கி நின்ற உடம்பு, அந்தக் கோணலையே நேர் என்று கொண்டுவிட்டது.

பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு தாளைக் கொடுத்து, தொட்டுப் பார்க்காமல், உள்ளே உணர்கிறபடி முதுகின் உருவத்தை வரையச் சொன்னாள். வலப்பக்கக் கோடு ஒழுங்காக இறங்கியது. இடப்பக்கம் இடுப்புக்கு மேலேயே பென்சில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை. லொரிமர் மோஸ்லி என்ற ஆய்வாளர் நாட்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் இதே குறையைக் கண்டு 2008-இல் எழுதியிருக்கிறார் என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூளை அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்டு 1930-களில் கண்டு சொன்ன மூளையின் தொடுவுணர்வு வரைபடத்தில் உதட்டுக்கும் விரலுக்கும் பெரிய வயல், முதுகுக்குச் சின்னப் பாத்தி. இரண்டு முனைகளை விரல் நுனி 2, 3 மி.மீ. இடைவெளியிலேயே பிரித்தறியும், முதுகுக்குச் சுமார் 4 செ.மீ. வேண்டும். அந்தச் சின்னப் பாத்தியிலும் எனக்கு வரப்பு கலைந்துபோயிருக்கிறது.

ஆகவே தினமும் இரவு நான் குப்புறப் படுத்துக்கொள்ள, ஆச்சி பேனா மூடியால் முதுகில் தொடுவாள். எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டும். முதல் வாரம் பத்துக்கு நான்கு சரியாக வந்தது, இப்போது ஏழு வருகிறது. ஐம்பது வருடம் நான் நினைத்தும் பார்க்காத ஓரிடத்தை அவள் எனக்குக் கைபிடித்துக் காட்டுகிறாள்.

பாதம் இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நடந்தால் வலது பாதம் முழுவதும் குளிர்கிறது; இடது பாதத்தின் வெளிவிளிம்பும் சுண்டுவிரலும் மட்டும் துணி சுற்றியதுபோல் இருக்கின்றன. நைந்த நரம்பிழை வளர்வதென்றால் நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தானாம், இடுப்பிலிருந்து பாதம் எவ்வளவு தூரம் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். நேற்று சுண்டுவிரலின் அடியில் நூலளவு குளிர்ச்சி தெரிந்தது. அங்கேயே நின்றுகொண்டு ஆச்சியைக் கூப்பிட்டேன்.

உன் மேல் எனக்குக் கோபம். கால் மரத்துப்போகிறது என்று ஒரே வரி எழுதிவிட்டுக் கோயில் திருப்பணி பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். பெரும்பாலோருக்கு இது அறுவை இல்லாமலே குறைந்துவிடும். ஆனால் உட்காரும் இடம் மரத்தாலோ, சிறுநீர் கட்டினாலோ, தன்னை அறியாமல் சிறுநீர் கழிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், மறுநாள் என்று இருக்கக் கூடாது. இன்று சுவரில் கை வைத்து, கணக்கு வாத்தியார் உன்னை நிறுத்திவைத்ததுபோல் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைத் தூக்கிப் பார். ஒவ்வொரு காலிலும் எத்தனை முறை முடிந்தது என்று மறைக்காமல் எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்