செத்தல் மூட்டையில் ஒரு பெயர் எழுதி வையுங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நகரங்களில் சில்லறைக் கடையும் அரைக்கிற மில்லும் நடத்தும் முதலாளிமாருக்கு,

வணக்கம். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறேன். கல்யாணம், சடங்கு, கோயில் அன்னதானம் என்று பதினெட்டு வருடமாகச் சமைத்துக் கொடுக்கிறேன். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். விற்கிற செத்தல், அதாவது காய்ந்த மிளகாய், எந்த வகை என்று மூட்டைமேல் எழுதி வையுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். போன வருடம் எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முந்நூறு பேருக்குச் சமையல். வழக்கமான கடையில் வழக்கம்போல மூன்று கிலோ செத்தல் வாங்கி, மல்லி, சீரகம் எல்லாம் சேர்த்து வறுத்து அரைத்தேன். கணக்கு மாறவில்லை, கைப்பக்குவமும் மாறவில்லை. ஆனால் சாம்பாரில் பிள்ளைகளால் வாய்வைக்க முடியவில்லை. ஒரு சின்னப் பிள்ளை உதட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் குடித்தால் காரம் அடங்காது, அது கொழுப்பில்தான் கரையும். தயிர் வாங்கி வரச்சொல்லி ஆளை ஓடவிட்டோம்.

மறுநாள் கடையில் கேட்டேன். "செத்தல்னா எல்லாம் செத்தல்தானே அக்கா" என்றார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. நான் மிச்சமிருந்த காய்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக வருவது குண்டூர் சன்னம். நீளமான காய், தடித்த தோல். இது அதைவிடச் சின்னது, ஒல்லி, தோல் மெல்லிசு, நிறம் பளிச்சென்று இருந்தது. தேஜா. இரண்டும் ஆந்திரப் பக்கத்துக் காய்தான், குண்டூர்ச் சந்தைக்குத்தான் இரண்டும் வருகின்றன. ஆனால் காரத்தில் சன்னம் ஒன்று என்றால் தேஜா ஏறக்குறைய இரண்டு. 1912இல் ஸ்கோவில் என்ற அமெரிக்கர் மிளகாய்ச் சாற்றைச் சீனித் தண்ணீரில் கரைத்துக் கரைத்துக் காரம் மறையும்வரை நாக்கில் வைத்துப் பார்த்து ஓர் அளவு கண்டுபிடித்தார். அந்தக் கணக்கில் சன்னம் 35,000 முதல் 40,000 வரை வரும், தேஜா 75,000க்கு மேல் போகும். மூன்று கிலோ சன்னத்துக்குப் பதில் மூன்று கிலோ தேஜா போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. ஒருமுறை சுருங்கிச் சுருங்கி, கடும் சிவப்பில், பார்க்கவே ஆசையாக ஒரு காய் வந்தது. அரைத்துக் குழம்பு வைத்தால் நிறம் அள்ளியது, காரம் மட்டும் இல்லை. அது பியாடகி. கர்நாடகத்தில் ஹாவேரி மாவட்டத்திலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. விளையும் ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புத் தருகிற புவிசார் குறியீட்டையும் 2011இல் வாங்கிய காய். அதிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாறு உதட்டுச் சாயத்துக்குக்கூடப் போகிறது. காஷ்மீரி மிளகாயும் அதே மாதிரித்தான், நிறத்துக்கென்று போடுவது. நிறம் ஒரு பொருள், காரம் இன்னொரு பொருள். காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் அது அதிகம். அதனால் சிவப்பைப் பார்த்துக் காரத்தைச் சொல்ல முடியாது. பெயர் தெரிந்தால்தான் சொல்லலாம்.

இப்போது முண்டு மிளகாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் என்னால் மடலை முடிக்க முடியாது. என் அப்பாயி காய்ந்த மிளகாயைக் கொச்சிக்காய் என்றுதான் சொல்லும். கொச்சிக்காய் என்றால் உருண்டையாக இருக்கும், ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும் என்று அப்பாயியின் தாய் சொன்னதாகச் சொல்லும். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் அப்படி ஒரு காயை நான் பார்த்ததே இல்லை. வளர்ந்த பிறகுதான் அது ராமநாதபுரம் முண்டு என்று தெரிந்தது. மானாவாரி நிலத்தில், மழையை நம்பி விளைகிற காய். எண்ணெயில் தாளித்தால் தடித்த தோல் உப்பி, ஒரு வாசம் கிளம்பும். அந்த மாவட்டத்து மண்டபம் முகாம் வழியாகத்தான் எங்கள் பாட்டன் பூட்டன்மார் ஏராளமானோர் தோட்ட வேலைக்கு இங்கே வந்தார்கள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்த இருநூறு வருட நினைவாக 2023இல் மலையகம் 200 என்று நாம் நடைபயணம் போனோமே, அதே வருடம்தான் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்கள் வந்து இருநூறு வருடமாகிவிட்டது. அந்தக் காய் மட்டும் பெயரோடு எங்கள் கடைத்தெருவுக்கு வரவில்லை. ஒரு முதலாளியாவது ஒரு மூட்டை கொண்டுவந்து பாருங்கள். வாங்க நான் இருக்கிறேன், என்னைப்போல இன்னும் பலர் இருப்பார்கள்.

உள்ளூர்க் காய்களுக்குப் பெயர் இருக்கிறதே. கறிமிளகாய் கேட்டால் யாரும் கடும் காரமான சின்னக் கொச்சி தருவதில்லை. கண்டிப் பக்கத்து நய் மிரிஸ் என்ற கடும் காரக் காயைச் சிங்கள ஆச்சிமார் சமைக்கும்போது ஒரு காயை எடுத்துக் குழம்பில் மிதக்கவிட்டு, உடையாமல் வெளியே எடுப்பார்கள். பச்சைக் காயில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாம், இந்தியாவிலிருந்து வருகிற செத்தலை மட்டும் ஒரே பெயரில் அள்ளிப் போடுகிறோம்.

இன்னொரு விஷயம், நம் குளிர். மூட்டையைக் கடை வாசலில் திறந்து வைக்கிறீர்கள். பின்னேரம் மூடுபனி இறங்கினால் செத்தல் ஈரம் குடித்துத் தோல்போல வளைகிறது. நல்ல செத்தல் கையில் ஒடிய வேண்டும். ஈரம் பட்ட காயில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது, வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் முழுசாகப் போகாது. வெயில் அடிக்கிற நாளிலோ திறந்த மூட்டையின் நிறம் வெளுக்கிறது. தயவுசெய்து உள்ளே, தரையில் படாமல் பலகைமேல் வாய் கட்டி வையுங்கள். மில் வைத்திருப்பவர்களே, கறுத்த காயும் வெள்ளை பூத்த காயும் கிடந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு அரையுங்கள். தூளான பிறகு எங்களால் கண்டுபிடிக்க முடியாது.

2022இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் விலை ஏறினபோது தோட்டத்தில் ஐம்பது கிராம், நூறு கிராம் என்றுதான் செத்தல் வாங்கினோம். இன்றும் அப்படி வாங்குகிற வீடுகள் உண்டு. காலையில் ரொட்டிக்குக் கட்ட சம்பல், அதற்கு நாலு செத்தல். அந்த நாலும் எது என்று தெரிந்தால் தேஜாவில் இரண்டு போதும் என்று அந்த அம்மா மிச்சம் பிடிப்பாள்.

கொழும்புப் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் மூட்டை எடுக்கும்போது வகை என்ன என்று கேட்டு பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பெயர், விளைந்த ஊர், கடைக்கு வந்த மாதம், இந்த மூன்றும் போதும். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன். தமிழிலும் சிங்களத்திலும், பெரிய எழுத்தில், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு. மஸ்கெலியா டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வருவேன். முதல் அட்டைகள் அன்றைக்கு என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் செத்தல் வாங்கும் ஒரு சமையற்காரி