மணி சொன்ன அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

பாம்புக் கடியிலிருந்து பிழைத்து அப்பா வீட்டுக்கு வந்து நான்கு நாட்களாகின்றன. குரல் இன்னும் கரகரப்பாகவே இருக்கிறது, கஞ்சி குடிக்கும்போது தொண்டையைக் கையால் பிடித்துக்கொள்கிறார். எனினும் நேற்றுக் காலை வரப்பு வரை தாமே நடந்து போய், சம்பா நடவு பச்சை பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த இரவில் என்ன நடந்தது என்பது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும் என்பதால் அதை மீண்டும் எழுதப்போவதில்லை. விசாரித்தவர்கள் எல்லோரிடமும் தொலைபேசியில் பேச எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆகவே இந்த மடல்.

வயிற்று வலி என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவரின் இமைகள் தொங்குவதைக் கண்டு, கடிவாய் எதுவும் தெரியாத நிலையிலும் இது கட்டுவிரியனாக இருக்கலாம் என்று சந்தேகித்து நஞ்சுமுறி மருந்தைத் தொடங்கச் செய்த ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியருக்கும், தஞ்சாவூர் வரும் வரை மூச்சுப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த 108 ஊர்தியின் இரண்டு தம்பிகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்களுக்கும், மாட்டையும் கன்றையும் பார்த்துக்கொண்ட மேலத்தெரு பெரியம்மாவுக்கும், கேட்காமலேயே பணம் அனுப்பிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. எங்களை ஒருநாளும் பார்க்கப்போகாத சிலருக்கும் இதில் பங்குண்டு. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் கூட்டுறவுச் சங்கத்தின் இருளர் பழங்குடியினர் பாம்பைப் பிடித்து நஞ்செடுத்துத் தருவதால்தான், அதைக் குதிரைகளுக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து அந்த மருந்தைச் செய்ய முடிகிறது. 2023-ஆம் ஆண்டு இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது அந்தச் செய்தியை நான் படித்ததோடு சரி. எங்கள் வீட்டுச் செய்தியாக அது எனக்குத் தோன்றவில்லை.

இனி நான் எழுத விரும்பியதற்கு வருகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு நேரத்தில் தரை துடைத்துக் குப்பைக் கூடைகளை மாற்றும் அக்கா ஒருவர் இருக்கிறார். தம் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். "நான் மட்டுமா தம்பி அங்க வேல பாக்குறேன்?" என்பது அவர் சொன்ன காரணம்.

வெண்டிலேட்டரில் இருந்த ஐந்து நாட்களும் அப்பா கண் திறக்கவில்லை, விரல் அசைக்கவில்லை, கூப்பிட்டதற்கு மறுமொழி எதுவும் இல்லை. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு இடும் கட்டளை தசையைச் சேராமல் தடுக்குமே தவிர அறிவை மழுங்கச் செய்வதில்லை என்றும், இமையைத் தூக்கவும் மூச்சை இழுக்கவும் வலுவில்லாமல் கிடப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்றும் பயிற்சி மருத்துவர் முதல் நாளே எங்களுக்குச் சொல்லியிருந்தார். நாங்கள் தலையாட்டினோம். ஆனால், இரண்டாம் நாள் மாலை பார்க்க அனுமதித்தபோது நானும் சித்தப்பாவும் கட்டிலின் இருபுறமும் நின்றுகொண்டு, கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் எவ்வளவு நிற்கிறது, நிலப் பட்டா யாரிடம் இருக்கிறது, ஏதாவது ஆகிவிட்டால் அத்தைக்கு எப்படித் தகவல் சொல்வது என்றெல்லாம் அப்பாவின் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம். அன்று சற்று முன்னதாகவே வேலைக்கு வந்திருந்த அந்த அக்கா, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்களிடம் எதுவும் சொல்லாமல் அப்பாவின் காதருகே குனிந்தார். "அண்ணே, மணி அஞ்சே முக்கால் ஆவுது. ஒங்க மவன் வந்திருக்கு. வெளிய மழ இருட்டிக்கிட்டு நிக்குது" என்றார். எங்களைக் கடிந்துகொள்ளவே இல்லை. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

அன்று முதல் ஒவ்வொரு இரவும், கூடை மாற்ற வரும்போதும் தரை துடைக்க வரும்போதும், அவர் அப்பாவிடம் மணி சொல்லியிருக்கிறார். அந்தப் பிரிவுக்குச் சன்னல் கிடையாது, விளக்குகளை அணைப்பதும் இல்லை. அங்கே கண் மூடிக் கிடப்பவருக்கு இரவும் பகலும் தெரிய வேறு வழியே இல்லை என்பதை, அங்கே ஆண்டுக்கணக்கில் வேலை செய்தவர் அறிந்திருக்கிறார். எந்த ஊர், என்ன பயிர் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஒரத்தநாடு பக்கம் நல்ல மழயாம்ணே, தண்ணி கட்டுற கவல விட்டுது" என்றும் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் அவருடைய வேலையில் சேர்ந்ததன்று, இதற்காக அவருக்கு யாரும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கப்போவதில்லை.

குழாயை எடுத்த மறுநாள், பேச்சு வந்ததும் அப்பா என் பெயரைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ, "மணி சொல்ற பொம்பள எங்கடா?" என்று கேட்டார். பிறகு, மூச்சு வாங்க வாங்க, அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் செத்துப்போய்விட்டதாகவே எண்ணியிருப்பேன் என்றும், செத்தவனுக்கு மணி எதற்கு என்று நினைத்துத்தான் தைரியமாக இருந்ததாகவும் சொன்னார். பயிர்க்கடன் பேச்சைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், பட்டா மரப்பெட்டியின் அடியில் இருக்கிறது, அத்தைக்கு இனிமேல் தகவல் சொல்ல வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. பெற்ற தகப்பனை உயிரோடு இருக்கும்போதே இல்லாதவராக வைத்துப் பேசிய அந்தப் பத்து நிமிடங்களை எண்ணி இன்றும் கூசுகிறது.

கட்டுவிரியன் பெரும்பாலும் தரையில் படுத்து உறங்குபவர்களையே கடிக்கிறது என்றும், கட்டிலில் படுத்து, கொசுவலையின் விளிம்பைப் பாயின் அடியில் செருகிக்கொண்டாலே பெருமளவு தப்பிக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். இரவில் வரும் மும்முனை மின்சாரத்துக்காகக் காத்துக்கொண்டு எங்கள் ஊரில் பதினொரு மோட்டார் கொட்டகைகளில் ஆட்கள் தரையில் படுத்திருக்கிறார்கள். அந்தப் பதினொன்றுக்கும் பொங்கலுக்குள் கட்டிலும் கொசுவலையும் போட்டுத் தருவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கையில் இருப்பது நான்குக்குத்தான் போதும், மற்றவற்றுக்கு உங்களில் யாராவது கைகொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பிய அன்று அந்த அக்காவிடம் சிறிது பணம் நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். சேலை எடுத்துத் தருகிறேன் என்றதற்கும் தலையை ஆட்டினார். ஊரில் பூங்கார் அரிசி கிடைக்குமா, மகளுக்கு ஏழாம் மாதம் என்று மட்டும் கேட்டார். நாங்கள் இந்தப் பட்டத்தில் பூங்கார் போடவில்லை. கீழத்தெருவில் ஒருவரிடம் பத்துக் கிலோ சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை அரைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தஞ்சாவூருக்கு நானும் வருவேன் என்று அப்பா அடம்பிடிக்கிறார்.

நன்றியுடன்,
மகன்