டச்சுக்காரன் சுரங்கம்: அந்தோணிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அந்தோணி,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று உன் மகன் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தான். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளாவேளைக்குப் போட்டுக்கொள். கண் தெரிகிறதே என்று உடனே வண்டியை எடுத்துக்கொண்டு நம் கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடாதே. தங்கம் எடுத்த மிச்ச மண்ணைக் கொட்டிய அந்தச் சயனைடு மேட்டுப் புழுதி கண்ணில் பட்டால் அப்புறம் டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இந்தக் கடிதத்தைக்கூட பையனையே படித்துக் காட்டச் சொல்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் வீடு அரிசோனாவில் மேசா என்ற ஊரில், ஃபீனிக்ஸுக்குக் கொஞ்சம் கிழக்கே. கமலாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பேத்தி தமிழில் பதில் சொல்ல வெட்கப்படுகிறாள். ஆனால் திட்டினால் மட்டும் முழுசாகப் புரிகிறது.

போனில் நீ, "அமெரிக்காவிலும் தங்கச் சுரங்கம் பார்க்கப் போயிட்டியாமே, புத்தி போகலையா? ஆபத்தான இடமாமே?" என்று சிரித்தாய். அந்தக் கதையைப் போனில் சொல்ல முடியாதுடா. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மேசாவிலிருந்து கிழக்கே பார்த்தால் ஒரு மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். சூப்பர்ஸ்டிஷன் மலை என்று பெயர். உச்சிக்குக் கீழே பாறையில் வெளிறிய பட்டை ஒன்று ஓடுகிறது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான பீமா மக்கள், ஒருகாலத்தில் பிரளயம் வந்தபோது நுரை அதுவரை ஏறியதன் அடையாளம் அது என்று சொல்வார்களாம். இந்த மலைக்குள் எங்கோ "காணாமல்போன டச்சுக்காரன் சுரங்கம்" இருக்கிறது என்று நூற்று முப்பது வருஷமாக ஜனங்கள் தேடுகிறார்கள். பலர் உயிரோடு திரும்பவில்லை.

அந்த டச்சுக்காரன் உண்மையில் ஜெர்மன்காரன். ஜேக்கப் வால்ட்ஸ். 1860களில் இந்தப் பக்கம் தங்கம் தேடி வந்து, அப்புறம் சால்ட் ஆற்றங்கரையில் நிலம் பிடித்து உட்கார்ந்த ஆள். கல்யாணம் இல்லை. 1891 பிப்ரவரியில் ஆற்றில் பெருவெள்ளம் வந்து வீடு, பயிர் எல்லாம் போயிற்று. நனைந்து சீக்கில் விழுந்த கிழவரை ஜூலியா தாமஸ் என்ற பேக்கரிக்காரி தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி இறந்துபோனார். சாகுமுன் சுரங்கத்துக்கு வழி சொன்னார் என்றும், கட்டிலுக்கடியில் மெழுகுவத்திப் பெட்டி நிறைய தங்கக் கல் இருந்தது என்றும் கதை.

ஜூலியா என்ன செய்தாள் தெரியுமா? 1892 கோடையில் கடையை விற்று, பெட்ராஷ் என்ற அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு மலையேறினாள். கோடையில்! ஒன்றும் கிடைக்கவில்லை. கடன் கழுத்தை நெரிக்க, வழிப்படம் வரைந்து ஆளுக்கு 7 டாலர் என்று விற்றாளாம். இந்தச் சுரங்கத்தால் பார்த்த காசு என்றால் அதுதான். அந்தச் சகோதரர்களில் ஹெர்மன் மட்டும் விடவில்லை. 1953இல் சாகும்வரை அந்த மலைப் பக்கத்திலேயே கிடந்து தேடினார்.

வழி என்று கிழவர் சொன்னதாகச் சொல்லும் குறிப்புகளைக் கேள். சாயங்கால வெயில் சுரங்க வாயில் விழும். சுரங்கத்திலிருந்து பார்த்தால் ராணுவப் பாதை தெரியும், பாதையிலிருந்து பார்த்தால் சுரங்கம் தெரியாது. வீவர்ஸ் நீடில் என்ற ஊசிப்பாறையின் நிழல் நாலு மணிக்கு எங்கே விழுகிறதோ அங்கே தோண்டு. எந்த மாசத்து நாலு மணி? சுரங்க சர்வே டிபார்ட்மெண்டில் இருந்த நமக்கு முதலில் வருகிற கேள்வி அதுதானே? டிசம்பர் நிழலும் ஜூன் நிழலும் ஒரே பக்கமா விழும்? இதை வைத்துக்கொண்டு நீயும் நானும் ஒரு அளவுக் குச்சிகூட அடிக்க மாட்டோம்.

நானும் மருமகனும் பெரால்ட்டா பாதையில் அந்த ஊசிப்பாறையைப் பார்க்கப் போனோம். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவே ஓடைப் படுகை, அதை ஒட்டி ஏற்றம். ஃப்ரீமாண்ட் கணவாய் வரும்வரை ஊசி கண்ணில் படவே இல்லை. மேட்டில் கால் வைத்ததும் எதிரே ஆயிரம் அடிக்கு ஒற்றையாக நிற்கிறது. மருமகன் போட்டோ எடுத்தான். நான் குனிந்து கல்லைப் பார்த்தேன், பழக்கம் விடுமா? கையில் எடுத்தால் கனமே இல்லை. எரிமலைச் சாம்பல் இறுகிய கல். சுரண்டினால் மாவாகக் கொட்டுகிறது. உள்ளே சின்னச் சின்ன வேறு கல் துண்டுகள் பதிந்திருக்கின்றன. வழி நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பார்த்த மாதிரி, தங்கம் இருக்கிற, நீலம் பாய்ந்த வெள்ளைக்கல் ரேகை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இந்த மலை பழைய எரிமலை. இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் வெடித்து, வாய் உள்வாங்கி உருவானது. தங்கம் சேர்கிற இடம் இது இல்லை என்றுதான் புவியியல்காரர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் வேடிக்கை, இந்த மலையின் மேற்குக் காலடியிலேயே தங்கம் இருந்தது! கோல்ட்ஃபீல்ட் என்று ஒரு ஊர். 1890களில் மம்மத் என்ற சுரங்கம் அங்கே நன்றாக ஓடியது. சில வருஷத்தில் ரேகை தீர்ந்து ஊரும் காலியானது. இப்போது டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஊர். உள்ளே போய் அந்த மரச் சட்டமும் இரும்புச் சக்கரமும் பார்த்ததும் கமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறிய ராக் பர்ஸ்ட்டில் போனவர் என்பது உனக்குத் தெரியும். அங்கே கௌபாய் வேஷம் போட்டுச் சுட்டுக்கொண்டு விளையாடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

எனக்கு இந்தக் கதையில் ஒட்டாத விஷயம் ஒன்று. சுரங்கத்தை ஒளித்துவைக்க முடியுமாடா? நம் ஊர்ச் சுரங்கத்தில் கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்கு நாலு கிராம்கூடத் தேறவில்லை. மிச்சக் கல் எங்கே போகும்? நம் வீட்டு வாசலில் மலை மலையாக நிற்கிறதே, அங்கேதான். எவ்வளவு பணக்கார ரேகையாக இருந்தாலும் உடைத்த கல் குவியும், அடுப்புக் கரி கிடக்கும், கழுதை நடந்த தடம் விழும், தண்ணீருக்கு வழி இருக்கும். வால்ட்ஸிடம் தங்கக் கல் இருந்தது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். விக்கன்பர்க் பக்கம் வல்ச்சர் என்ற பெரிய சுரங்கம் இருந்தது. அங்கே வேலைக்காரர்கள் நல்ல கல்லைத் திருடிக்கொண்டு போவது சகஜம். அங்கேயிருந்து வந்ததாக இருக்கலாம் என்று ஒரு கட்சி சொல்கிறது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் நம்மைத் தடவித் தடவிப் பார்ப்பார்களே, அது எதற்கு? எனக்கு அந்தக் கட்சிதான் நம்பும்படி இருக்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. 1895இல் ஒரு சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்த பிறகு ஆளுக்கு ஆள் கூட்டிச் சேர்த்தார்கள். வால்ட்ஸுக்கு முன்னாலேயே பெரால்ட்டா என்ற மெக்சிகோக் குடும்பம் இங்கே தோண்டியதாம். அப்பாச்சி என்ற பூர்வகுடிகள் அத்தனை பேரையும் வெட்டிப்போட்டு சுரங்கத்தை மூடிவிட்டார்களாம். அப்படி ஒரு படுகொலை நடந்ததற்கு ஆவணம் கிடையாது. ஆனால் பெரால்ட்டா என்ற பெயர் இந்த ஊரில் பிரபலமானதற்கு ஒரு காரணம் உண்டு. ஜேம்ஸ் ரீவிஸ் என்று ஒரு எத்தன். ஸ்பெயின் ராஜா பெரால்ட்டா பிரபுவுக்கு எழுதிக்கொடுத்த நிலம் தனக்குச் சேர வேண்டும் என்று 1883இல் கள்ளப் பத்திரத்தோடு வந்தான். கொஞ்சநஞ்ச நிலம் இல்லை, சுமார் 48,000 சதுர கிலோமீட்டர், ஃபீனிக்ஸ் ஊரையும் சேர்த்து! ரயில்வே கம்பெனியே பயந்துபோய் 50,000 டாலர் கட்டியது. 1895இல் கோர்ட்டில் குட்டு உடைந்து, அப்புறம் ஜெயிலுக்குப் போனான். நிலம் பொய், பிரபு பொய், பெயர் மட்டும் சுரங்கக் கதையில் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. ஆவணம் உள்ள ஒரு படுகொலை உண்டு. 1872 டிசம்பர் 28ஆம் தேதி சால்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஒரு குகையில் ஒதுங்கியிருந்த யவபாய் என்ற பூர்வகுடி ஜனங்களை அமெரிக்கப் பட்டாளம் சுட்டுக் கொன்றது. சுமார் 75 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட. இந்த மலைக்கு வடக்கேதான் அந்த இடம். நடக்காத கொலைக்கு வழிப்படம் விற்கிறார்கள், நடந்ததைப் பற்றி டூரிஸ்டுகளில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

ஆபத்து என்று கேட்டாயே. 1931 ஜூனில் அடால்ஃப் ரூத் என்று வாஷிங்டனிலிருந்து ஒரு வயதானவர் வந்தார். மெக்சிகோவில் மகனுக்குக் கிடைத்த பழைய பெரால்ட்டா படங்கள் அவரிடம் இருந்தன. முன்னால் இதே மாதிரி கலிபோர்னியாவில் தேடப்போய் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். கௌபாய்கள் இரண்டு பேர் சாமானோடு கொண்டுபோய் ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் விட்டு வந்தார்கள். அப்புறம் ஆளைக் காணோம். டிசம்பரில் மண்டையோடு மட்டும் கிடைத்தது, ஓட்டையோடு. பார்த்த நிபுணர் துப்பாக்கிக் குண்டாக இருக்கும் என்றார். அடுத்த மாசம் மிச்ச எலும்பும், கூடவே ஒரு குறிப்பும் அகப்பட்டன. அதில் கடைசியில் "வந்தேன், கண்டேன், வென்றேன்" என்று லத்தீனில் எழுதியிருந்ததாம். படத்தைக் காணவில்லை. யாரும் தண்டனை பெறவில்லை. அந்த ஒரு சாவு, நாடு முழுக்கப் பத்திரிகையில் வந்து, இந்த மலைக்கு ஆளைக் கொண்டுவந்து கொட்டியது.

துப்பாக்கிச் சாவுகளும் உண்டுதான். 1959இல் அந்த ஊசிப்பாறையடியில் இரண்டு கோஷ்டி கூடாரம் போட்டு, ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, சுட்டதில் ஒருவன் செத்தான். ஆனால் சமீபத்தில் நடந்ததைப் பார்த்தால் கொல்கிறது வேறு. 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து மூன்று பேர் சுரங்கம் தேடி வந்தார்கள். ஜூலையில் இங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். பாறை அடுப்புக்கல் மாதிரி சுடும், நிழல் கிடையாது, படத்தில் ஊற்று என்று போட்டிருக்கும் இடம் வறண்டு கிடக்கும். ஆறு மாசம் கழித்து, 2011 ஜனவரியில்தான் எலும்பு கிடைத்தது. அதற்கு முன்னால் 2009 டிசம்பரில் டென்வரிலிருந்து வந்த ஓர் இளைஞன் காணாமல்போனான். மூன்று வருஷம் ஆயிற்று கண்டுபிடிக்க. ஆவியும் சாபமும் தேவையே இல்லை. ஒரு மனுஷன் சுமக்கிற தண்ணீர் இந்த வெயிலில் ஒரு நாளைக்குத் தாங்கினால் பெரிசு; இவர்கள் வாரக்கணக்கில் தேடுகிற உத்தேசத்தில் போகிறார்கள். மழை வந்தால் அதுவும் வினைதான். எங்கேயோ மேலே பெய்தது, நீ நிற்கிற காய்ந்த ஓடையில் திடீரென்று வெள்ளமாக இறங்கும்.

நாங்கள் இறங்கி வரும்போது ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர், கிழிந்த தொப்பி, தோளில் மெட்டல் டிடெக்டர். மருமகன் பேச்சுக் கொடுத்தான். "ஊரில் எல்லாரும் தப்பான கணவாயில் தேடுகிறார்கள்" என்று ரகசியமாகச் சொன்னார். "கண்டுபிடித்துவிட்டால்?" என்றேன். சிரித்துவிட்டு நடையைக் கட்டினார். ஏன் கேட்டேன் என்றால், இந்த மலை அரசாங்கம் காப்பாற்றி வைத்திருக்கும் வனப்பகுதி. 1984 ஜனவரி முதல் உள்ளே புதிதாகச் சுரங்க உரிமை எடுக்க முடியாது. கிடைத்தாலும் தோண்ட முடியாது! அவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் ஏறுகிறார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை.

வதந்தி எல்லாமே பொய் என்றும் சொல்லிவிட முடியாதே. நம் ஊரையே எடுத்துக்கொள். மாரிக்குப்பத்து ஜனங்கள் கல்லை இடித்து மண்ணை அலசித் தங்கம் எடுக்கிறார்கள் என்று வாரன் என்ற வெள்ளைக்காரத் துரை 1804இல் எழுதிவைத்தார். எழுபது வருஷம் கழித்து அதைப் படித்துவிட்டுத்தான் லாவெல் என்பவர் தங்கம் தேடி வந்தார், அப்புறம் சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி, அப்புறம் உன் தாத்தாவும் என் தாத்தாவும் வட ஆற்காட்டிலிருந்து மூட்டை கட்டினார்கள். வாரன் கேட்ட வதந்தியில் ஒரு கூடை மண் இருந்தது. கண் முன்னால் அலசிக் காட்டினார்கள். இங்கே அந்தக் கூடை மண்ணைத்தான் காணோம்.

நான் ஏப்ரலில் திரும்புகிறேன், வெயிலுக்கு முன்னால். நீ கேட்ட ஷேவிங் ரேசர் வாங்கிவிட்டேன். அந்த மாத்திரை டாக்டர் சீட்டு இல்லாமல் இங்கே தர மாட்டார்கள், அங்கேயே பார்த்துக்கொள். ஒரு விஷயம் விசாரித்து எழுது: சயனைடு மேட்டு மண்ணை மறுபடியும் அரைத்துத் தங்கம் எடுக்கப்போவதாகச் சொன்னார்களே, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? அளவெடுக்க ஆள் யாராவது வந்தார்களா? மேடு கரைந்தால் அதை ஒட்டின தொழிலாளர் லைன் வீடுகளுக்கு என்ன வழி என்று யூனியன் ஆட்களிடம் கேட்டுச் சொல்.

உன்,
சேகர்