உம்மாவின் இடப்பக்கத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

பத்தமடையில் எங்கள் உம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து கூடவே நின்றவர்களுக்கு எங்கள் வீட்டார் எல்லோருடைய நன்றி. நீங்கள் செய்தது என்ன என்று ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

அடைப்பு மூளையின் வலப்பாதியில். இடது கை, கால் தளர்ந்தது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தட்டில் இடப்பக்கம் இருந்த மீனாணத்தைத் தொடாமல், "ஆணம் வைக்கலையா?" என்று உம்மா கேட்டபோது, கண்தான் போய்விட்டது என்றார்கள் சொந்தக்காரர்கள். பாளையங்கோட்டையில் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் அக்கா ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். உம்மா வலக்கோடியை ஒட்டி வைத்தார். கண்ணில் குறையில்லை, மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறது என்று அக்கா விளக்கினார். அந்த விளக்கத்துக்கே தனியாக ஒரு நன்றி.

அப்புறம் அந்தப் பட்டக (பிரிசம்) மூக்குக் கண்ணாடி. பார்ப்பதையெல்லாம் சுமார் 10 டிகிரி வலப்பக்கம் நகர்த்திக் காட்டும். அதை மாட்டிக்கொண்டு எதிரே உள்ள புள்ளியைத் தொடப் போனால் கை முதலில் வலப்பக்கம் தவறும். தொடத் தொட மூளை திருத்திக்கொள்ளும். கழற்றிய பிறகும் அந்தத் திருத்தம் கொஞ்ச நேரம் நீடிப்பதால் கை இடப்பக்கம் சாயும், கவனமும் அதோடு போகும். பிரான்சில் ரொசெத்தி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998இல் வெளியிட்ட முறை இது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது என்று அக்கா முன்கூட்டியே சொன்னார். அந்த நேர்மைதான் எங்களுக்குத் தெம்பு.

இன்ஜினியரிங் படிக்கும் அடுத்த தெருத் தம்பி, உம்மா பாய் நெய்தவர் என்பதால் சாயக் கோரையின் சிவப்பிலும் பச்சையிலும் கட்டங்கள் வரும் விளையாட்டை டேப்லெட்டில் செய்துகொடுத்தான். கட்டங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகரும். தொடாமல் விட்டால் அந்தப் பக்கமிருந்தே சத்தம் வரும். நல்லா இருப்பா, தம்பி!

எதிர்வீட்டு லாத்தா மதியமெல்லாம் கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவார். உம்மா தலையைத் திருப்பித்தான் பதில் சொல்லியாக வேண்டும். எந்தக் கருவியும் இதற்கு ஈடில்லை என்பேன்.

இப்போது உம்மா, இடது ஓரத்தில் ஒட்டிய சிவப்பு நாடாவைத் தேடிப் பிடித்து, பேப்பரை வரியின் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறார். அசதியானால் மட்டும் இடப்பக்கம் விட்டுப்போகிறது. கண்ணாடி எங்களிடம் சும்மாதான் இருக்கிறது. தெரபிஸ்ட் எழுதிக்கொடுத்திருந்தால் யாரானாலும் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். தெரபிஸ்ட் சொல்லாமல் மாட்ட வேண்டாம்.