தடுப்பணைக்கு முன் வடிகால்: நீலகிரிச் சரிவுகளுக்காக ஒரு மடல்

நீலகிரி மாவட்ட நிர்வாகத்துக்கும், வேளாண் பொறியியல், தோட்டக்கலைத் துறைகளுக்கும்,

வணக்கம். மலைக்காய்கறித் தோட்டங்களின் மண் அரிப்பைத் தடுக்க ஒதுக்கும் பணத்தை முதலில் ஓடைத் தடுப்பணைக்குச் செலவிட வேண்டாம்; தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் பொது வடிகாலுக்குச் செலவிடுங்கள். தடுப்பணை பிடிப்பது ஏற்கெனவே தோட்டத்தை விட்டுப் போன மண்ணை.

கேரட்டோ உருளையோ, பார்கள் (செடி நட மண்ணை அணைத்த நீண்ட மேடுகள்) சரிவோடு மேலிருந்து கீழாக ஓடுகின்றன. இதை விவசாயியின் அறியாமை என்று சொல்வது அநியாயம். குறுக்கே பார் பிடித்தால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். பக்கவாட்டில் திருப்பினால் அடுத்தவர் பாத்தியில் போய் விழும். வடிகால் இல்லாமல் 'பாரைத் திருப்பு' என்றால் யார் திருப்புவார்கள்?

ஏப்ரல், மே மாதங்களில் கார்போக விதைப்பு. கொத்திய மண்ணைச் செடி மூடுவதற்குள் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் வரும் கடைபோகத்தில் விதைத்த நிலத்தின் மேல் வடகிழக்கு மழை இறங்கும். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் போனால் 10 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 10 டன். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. குந்தா, பில்லூர் அணைகளில் சேறாகச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

சரிவின் தலைமாட்டில், மேலிருந்து வரும் தண்ணீரை மறித்துத் திருப்பும் குறுக்கு வாய்க்கால் வேண்டும். அது நில எல்லையோரமாக இறங்கும் கல் பதித்த வடிகாலில் சேர வேண்டும். அந்த வடிகாலைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியின் அடியிலும் கல் பரப்புங்கள். நேராக இறக்கினால் தண்ணீர் அடியைக் குடைந்து, வடிகாலே பள்ளமாகிவிடும். பார்களும் முழுச் சமமட்டத்தில் இருக்க வேண்டாம். வடிகாலை நோக்கி 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் போதும். குறிப்பதற்கு மூன்று கம்பில் கட்டிய ஏ வடிவச் சட்டமே போதும்: கால்களுக்கு நடுவே 2 மீட்டர், வடிகால் பக்கத்துக் காலின் அடியில் 2 சென்டிமீட்டர் கட்டை, உச்சியிலிருந்து தொங்கும் குண்டுநூல் நடுக்கோட்டில் நிற்க வேண்டும்.

படிமட்டம், அதாவது சரிவில் படிபோன்ற தளம், வெட்டும் இடத்தில் மேல்மண்ணை முதலில் ஒதுக்கி வைத்து, கடைசியில் பரப்புங்கள். இயந்திரத்தை விட்டு ஒரேயடியாகத் தள்ளினால் அடிமண் மேலே வந்து, அடுத்த போகமே படுத்துவிடும். தளம் உட்பக்கம் 40க்கு 1 சரிய வேண்டும், உள்மூலையில் வாய்க்கால் ஓட வேண்டும். வெளிப்பக்கம் சரிந்தால் படியின் முகம் கரையும். 33 சதவீதத்துக்கு (100 மீட்டருக்கு 33 மீட்டர் இறக்கம்) மேற்பட்ட சரிவில் காய்கறியே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மண்சரிவுக்கு இடமான சரிவுகளில் நீரைத் தேக்கும் குழிகளும் வேண்டாம். 2009 நவம்பர் மழையிலும் மண்சரிவிலும் இந்த மாவட்டம் 40க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

செயற்கைக்கோள் அரிப்பு வரைபடத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு அடிப்படையான சமன்பாடு, அமெரிக்காவில் 9 சதவீதச் சரிவும் 22 மீட்டர் நீளமும் கொண்ட பாத்தியை அளவுகோலாக வைத்து உருவானது. 30 மீட்டர் கட்டங்களாலான உயர வரைபடத்துக்கு 2 மீட்டர் அகலப் படிமட்டம் தெரியாது. மண்சரிவும் சாலை வெட்டும் அந்தக் கணக்கில் வராது.

வரைபடத்தோடு தோட்டத்திலும் அளந்து பாருங்கள். தோட்டத்தின் அடியில் தார்பாய் விரித்த குழி, பக்கத்தில் மழைமானி. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் படிந்த சேற்றை எடை போட்டு, மாதிரியை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, உலர் எடையைக் கணக்கிடுங்கள். வழிந்தோடும் நீரிலும் மழையின்போதே ஒரு லிட்டர் பிடியுங்கள். நுண்ணிய களிமண் குழியில் தங்காது. குழி சிறிதாக இருந்தால் மிகப் பெரிய மழையில்தான் நிரம்பி வழியும். ஆண்டின் பெரும்பங்கு மண் போவதும் அதே மழையில்தான்.

வரும் கார்போகத்துக்கு முன், மார்ச்சுக்குள், ஒரே ஒரு சிற்றோடைக்கு மழைநீர் வந்து சேரும் பிடிப்புப் பகுதியில் நில உரிமையாளர்களைக் கூட்டி, வடிகால் இறங்கும் கோட்டை அவர்கள் முன்னிலையிலேயே முளையடித்துக் குறியுங்கள்.

இப்படிக்கு,
மலைச்சரிவு மண், நீர்ப் பாதுகாப்பில் பணிபுரிவோர்