சமையலறையை இடிக்கும் முன்

அன்புள்ள மீனா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். சமையலறையை மொத்தமாக இடித்துக் கட்டப்போவதாக நேற்று நீ சொன்னதும் என் முகம் போன போக்கைப் பார்த்து அப்பா தொலைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் உன் வீடு 1954-ல் கட்டியது. ஐந்து மாதம் அதில் சமைத்தவள் நான். முதல் வாரம் எனக்கும் எரிச்சல்தான். 36 அங்குல உயர மேடையில் சப்பாத்தி தேய்த்தால் என் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு ஒரு நாள், முதல் இழுப்பறைக்குக் கீழே ஒரு மர விளிம்பு கையில் தட்டுப்பட்டது. இழுத்தால் ஒரு பலகை வெளியே வருகிறது! ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தேய்த்தேன், தோள் வலிக்கவில்லை. பலகையின் வலப்பக்கம் மட்டும் கத்தி பட்டுப் பட்டுக் குழிந்திருக்கிறது, பார்த்தாயா? யாரோ ஒருத்தி வருஷக்கணக்கில் அதே இடத்தில் வெங்காயம் நறுக்கியிருக்கிறாள்.

பழைய சமையலறைகளைப் பற்றி நீ நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தை நான்தான் முழுதாகப் படித்தேன். உட்கார்ந்து வேலை செய்யத் தாழ்ந்த பலகை, மூலையில் சுழலும் தட்டு, மேடையிலிருந்தே குப்பையைத் தள்ளிவிட ஒரு துளை இவையெல்லாம் வைத்து அமெரிக்க வேளாண்மைத் துறை 1949-ல் ஒரு மாதிரிச் சமையலறையே அமைத்துக் காட்டியதாம். பெண்களின் நடையை மிச்சப்படுத்தவே அந்த ஏற்பாடு. பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, குளிர்ப்பெட்டி மூன்றுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டினால் 26 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது சமையலறை வடிவமைப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அப்பாவை நாடா பிடிக்கச் சொல்லி அளந்தேன். உன் சமையலறையில் 17 அடி. காண்ட்ராக்டர் வரைந்து கொடுத்த படத்தில் நடுவே ஒரு மேடை வருகிறது. அதைச் சுற்றிக்கொண்டே சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடப்பாய்.

அலமாரிகளை மரம் என்றே நினைத்திருந்தேன், காந்தப் பொம்மை ஒட்டிக்கொள்ளும் வரை. அத்தனையும் எஃகு. போர் முடிந்ததும் எஃகு வீட்டுச் சாமானுக்குத் திரும்பிய காலம் அது. தொட்டிக்குக் கீழே யங்ஸ்டவுன் என்ற பிராண்டின் பெயர்த்தகடு இருக்கிறது. உங்கள் ஓஹியோவிலேயே, வாரன் என்ற ஊரில் செய்தவை. தொட்டிக்கு அடியில் துரு ஏறியிருப்பது உண்மைதான். கீழே சொல்லும் சோதனை முடிந்த பிறகு அதைத் தேய்த்து வண்ணம் அடித்தால் போதாதா? மூலை அலமாரியை நான் ராட்டினம் என்பேன். ஒரு சுற்று சுற்றினால் புளி டப்பா கைக்கு வந்துவிடுகிறது. நம் வீட்டு மூலையில் போன டப்பா அடுத்த போகிக்குத்தான் வெளியே வரும்.

துளையிட்ட தகர மூடி போட்ட இழுப்பறையில் மட்டும் நான் ஏமாந்தேன். முறுக்கை அதில் வைத்தேன்; இரண்டே நாளில் நமுத்துவிட்டது. ரொட்டிக்குக் காற்று வேண்டும் என்பதற்காக வைத்த துளைகளாம்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரப் பெட்டிகளில் இரண்டே துளை. மிக்ஸியின் மூன்று முள் பிளக் எதிலும் நுழையாது. அதற்கு எர்த் இழுத்துப் புது இணைப்புக் கொடுக்கச் சொல். சங்கிலியை இழுத்தால் ஓடும் சுவர் விசிறி நம் தாளிப்புக்குப் போதாது, அதையும் மாற்று.

தரையை மட்டும் யாரையும் தொட விடாதே. அந்த 9 அங்குலச் சதுரங்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கலாம், ஒட்டிய பசையிலும் இருக்கலாம். உடைத்தால் தூள் பறக்கும். 1978-ல் தடை வருவதற்கு முந்தைய வண்ணத்தில் ஈயமும் இருக்கலாம். வீட்டில் குழந்தை தவழ்கிறது. முதலில் சோதனைக்குக் கொடு என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். அந்தக் காண்ட்ராக்டர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

மழைக்காலத்தில் பலகை இறுகிக்கொள்ளும். இரண்டு ஓரத்திலும் மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொன்னார் அப்பா. மெழுகுவர்த்தி அந்த முறுக்கு இழுப்பறையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா